பூமணப் புகையிலையும் இரண்டு மூக்குகளும்

சுங்கான் என்னும் புகைக்குழாய் பிடிப்பவர்கள் இருவர் ஒரே புகையிலைக் குப்பியைத் திறந்து முகர்ந்துவிட்டு, ஒருவர் ரோஜா என்றும் மற்றவர் சோப்பு என்றும் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். புகையிலையைப் பற்றிய மற்ற வேறுபாடுகளில் ஒருவர் மற்றவருக்குச் சற்று விட்டுக்கொடுப்பதுண்டு. ஜெரேனியம், ரோஜா, லாவெண்டர் ஆகிய பூக்கள், தென் அமெரிக்க மரமொன்றின் டோங்கா விதை ஆகியவற்றின் சாரம் ஏற்றிய புகையிலை என்று வந்துவிட்டால் அது நடப்பதில்லை. விரும்புகிறவர்கள் வேறொன்றைத் தேடுவதில்லை. வெறுப்பவர்கள் அந்தக் குப்பி தங்கள் அலமாரியில் இருப்பதைக்கூடப் பொறுப்பதில்லை. நான் இந்த இரண்டு பக்கங்களிலும் நின்றிருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் கடுமையாக வெறுத்தேன். பிறகு, அந்த வெறுப்பில் பாதி நான் பூமணத்தின் மேல் தவறாகச் சுமத்திய பழி என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். மீதிப் பாதி இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு பாதிகளையும் எப்படிப் பிரித்தறிந்தேன் என்பதை எழுதினால், இப்போது அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே வைத்து விட்டாலும், உதடு, வாய், தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டவே செய்கிறது; பூவாசம் அந்தத் தீங்கைச் சிறிதும் குறைப்பதில்லை. இது புகைக்காதவர்களை அழைப்பதற்காக எழுதப்படுவதன்று, ஏற்கெனவே புகைத்துக்கொண்டிருக்கும் வயது வந்தவர்களுக்காக எழுதப்படுவது. நான் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பற்றவைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுகிறேன்.

எனக்கு இந்த வகையை அறிமுகப்படுத்தியவர், நான் அண்ணன் என்று அழைக்கும் மூத்த நண்பர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுங்கான் பிடிப்பவர். பூமணப் புகையிலையைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் ஒட்டுவதில்லை. ஒரு மாலையில், அழுத்திக் கட்டியாக்கிப் பட்டை பட்டையாக அறுத்த, ஃபிளேக் என்று சொல்லப்படும் வகைப் புகையிலையை ஒரு சிறு குப்பியில் போட்டு என்னிடம் கொடுத்தார். “தம்பி, இது உனக்குப் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு தடவையாவது பொறுமையாப் பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு” என்றார். அந்தச் சொற்றொடரில் ‘பொறுமையாக’ என்ற ஒரு சொல்லைத்தான் நான் கவனிக்கத் தவறினேன்.

அன்றிரவே பற்றவைத்தேன். அதுவரை நான் பிடித்து வந்தது சர்க்கரைச் சத்து மிகுந்த, வெளிர் நிற வர்ஜீனியா இலை. அதைப் பிடித்த பழக்கத்திலேயே இதையும் பிடித்தேன். குப்பியிலிருந்து எடுத்த ஈரப் பட்டைகளை அப்படியே மடித்து, என்னிடமிருந்தவற்றில் நான் மிகவும் விரும்பிய பிரையர் மரச் சுங்கானில் திணித்தேன். இரவு உணவு உண்டிருக்கவில்லை. ஈரம் காரணமாக அடிக்கடி அணைந்ததால் மறுபடி மறுபடி தீக்குச்சி கிழித்து, வேகமாக இழுத்தேன். கால் மணி நேரத்தில் நாக்கு எரிந்தது, தலை சுற்றியது, நெற்றியில் வியர்வை துளிர்த்தது. வாயெல்லாம் குளியல் சோப்பைக் கடித்துவிட்டது போன்ற சுவை. என் மனைவி கதவருகில் நின்று, “சோப்பு வாசனையும் புகையும் சேர்ந்து வருது, எனக்குத் தலை வலிக்குது, வெளியில போய்ப் பிடிங்க” என்றார். மறுநாள் அதே சுங்கானில் என் வழக்கமான வர்ஜீனியாவை நிரப்பியபோது அதிலும் சோப்புச் சுவை வந்தது. அடுத்த பத்து முறையும் வந்தது. அண்ணனிடம் குப்பியைத் திருப்பிக் கொடுத்து, இதைப் புகையிலை என்று சொல்வதே தவறு என்று கோபமாகப் பேசினேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

நாக்கெரிச்சல், மயக்கம், சோப்புச் சுவை, சுங்கானில் ஒட்டிய வாசம், வீட்டாரின் சங்கடம் ஆகிய ஐந்தையும் நான் ஒரே குற்றமாக எண்ணிப் பூவின் மேல் போட்டேன் என்பது இப்போது தெரிகிறது. பூமணப் புகையிலையைக் கண்டிக்கும் பலருடைய பேச்சைக் கவனித்துக் கேட்டால், அவர்களும் இந்த ஐந்தையும் கலந்தே பேசுகிறார்கள் என்பது புலப்படும்.

நாக்கெரிச்சலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரப் புகையிலையை வேகமாக இழுத்தால் ஆவி நாக்கைச் சுடும். எந்த இலையானாலும் சுடும். ஃபிளேக்கை விரல்களால் நன்றாக உதிர்த்து, ஒரு தாளில் பரப்பி, அறையின் ஈரப்பதத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆறவிட வேண்டும். இரு விரல்களுக்கிடையே அழுத்திவிட்டால் கட்டியாக ஒட்டி நிற்காமல் மெல்லப் பிரிந்து வரவேண்டும். நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடவும் கூடாது. இதைச் செய்யாமல் எந்தப் புகையிலையைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது என் உறுதியான கருத்து.

மயக்கத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பூமணப் புகையிலைக்குப் பெயர்பெற்ற ஊர் இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் நிறைந்த மலைநாட்டின் வாசலில் இருக்கும் கெண்டல். அதனால்தான் இவ்வகையை உலகெங்கும் ‘லேக்லாண்ட்’ என்று அழைக்கிறார்கள். அங்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மூக்குப்பொடி அரைக்கப்பட்டு வந்தது. சாமுவேல் காவித் நிறுவனம் தன் தொடக்கத்தை 1792 என்று கொள்கிறது. மூக்குப்பொடிக்கு ரோஜா, பெர்காமட் என்னும் மணமுள்ள எலுமிச்சை வகைப் பழம், லாவெண்டர், ஜெரேனியம் முதலிய சாரங்களைக் கலப்பது பழைய வழக்கம். பொடி அரைத்த அதே ஆலைகள் சுங்கான் புகையிலையும் செய்தபோது, அதே சாரங்கள் அதிலும் ஏறின. ஆனால் அந்தச் சாரம் ஏறிய இலை மென்மையான இலை அன்று. கெண்டல் புகையிலைகளில் பலவற்றில் மலாவி முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் விளைந்த, விறகுப் புகையில் உலர்த்தி எடுத்த கரிய இலை கணிசமாகச் சேர்கிறது. அதில் நிகோட்டின் மிகுதி. பூவின் மணம் மென்மையாக இருப்பதால் புகையிலையும் மென்மையாக இருக்கும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது; வெறும் வயிற்றில், வேகமாக இழுப்பவரை அந்த இலை கீழே தள்ளிவிடுகிறது. அன்று என்னைத் தள்ளியது நிகோட்டின். நான் ஏசியது ஜெரேனியத்தை. இப்போது உணவுக்குப் பின்னர், புகையிலை நிரப்பும் கிண்ணம் சிறியதாக உள்ள சுங்கானில், பாதிக்கு மட்டும் நிரப்பித்தான் இவ்வகையைத் தொடுகிறேன். தலை சற்றே லேசானால் அப்போதே கீழே வைத்துவிடுகிறேன்.

சோப்புக்கு வருகிறேன். உண்மையான கருத்து வேறுபாடு குடியிருப்பது இங்கேதான்.

ஒருநாள் குளியலறையில் புதிய சோப்பின் உறையைப் பிரிக்கும்போது, அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த பட்டியலைப் படித்தேன். லினலூல், ஜெரானியால், சிட்ரோனெல்லால், கூமரின் என்று நான்கு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. லாவெண்டரின் மணத்துக்கும் பெர்காமட்டின் மணத்துக்கும் லினலூல் ஒரு முக்கியப் பங்காளி. ஜெரேனியம் எண்ணெயிலும் ரோஜா எண்ணெயிலும் ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் நிறைந்திருக்கின்றன. கூமரின், டோங்கா விதையின் உயிர்நாடி. தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வளரும் மரத்தின் அந்த விதையிலிருந்து 1820இல் அது பிரித்தெடுக்கப்பட்டது, 1868இல் வில்லியம் பெர்கின் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார், அதன்பின் வாசனைத் தொழில் முழுவதிலும் பரவியது. அப்படியானால், புகையிலை சோப்பைப் போல மணக்கிறது என்று நான் சொன்னது கற்பனை அன்று. சோப்பும் அந்தப் புகையிலையும் உண்மையிலேயே ஒரே பொருள்களைக் கடன் வாங்கியிருக்கின்றன. ஆனால் ‘சோப்பு’ என்பது அந்த மூலக்கூறுகளில் இல்லை. நான் பிறந்தது முதல் அவற்றை எங்கே முகர்ந்தேன் என்பதில் இருக்கிறது. ரோஜாவையும் ஜெரேனியத்தையும் செடியிலேயே முகர்ந்து வளர்ந்த ஒருவருக்கு அவை பூவாகவே நிற்கும். சோப்பிலும் தூளிலும் மட்டுமே அவற்றைச் சந்தித்த எனக்கு, அவை வாயில் வரும்போது கழுவும் பொருள் வாய்க்குள் போய்விட்டது என்ற எச்சரிக்கை எழுகிறது. அண்ணன் தம் இளமையைத் தோட்ட வேலையில் கழித்தவர். இதை நான் அவரிடம் சொன்னபோது, “அப்ப நீ சொன்னதும் பொய்யில்ல, நான் சொன்னதும் பொய்யில்ல” என்றார். அன்றிலிருந்துதான் நாங்கள் இதைப் பற்றிச் சண்டையில்லாமல் பேசத் தொடங்கினோம்.

பழக்கத்தைத் தாண்டி, மூக்கே வேறாக இருப்பதும் உண்டு. வயலெட் பூவின் மணத்துக்குக் காரணமான பீட்டா அயனோன் என்ற பொருளை முகர்வதில் மனிதர்கள் பெரிதும் வேறுபடுகிறார்கள் என்பதும், ஓஆர்5ஏ1 என்ற மணமேற்பி மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதும் 2013இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. நன்கு உணரும் மூக்குடையவர்கள் அதைப் பூமணம் என்கிறார்கள். உணர்வு குறைந்தவர்கள் அதே பொருளைப் புளிப்பு என்றும் காரம் என்றும் சொல்கிறார்கள். நானும் அண்ணனும் வயலெட் சாரம் ஒரு சிறு குப்பியில் வாங்கி, தாள் நுனியில் தொட்டு முகர்ந்து பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பூ என்றார். எனக்குக் காடியை நீர்த்து வைத்தது போலிருந்தது. நாங்கள் மரபணுச் சோதனை ஒன்றும் செய்துகொள்ளவில்லை; ஆகவே அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே தாளை இருவர் முகர்ந்து, இருவரும் நேர்மையாக, இரண்டு வேறு பொருள்களை உணர முடியும் என்பதைக் கண்ணெதிரே கண்ட பிறகு, “உனக்குச் சுவைக்கத் தெரியவில்லை” என்ற சொல்லை நான் யாரிடமும் பயன்படுத்தவில்லை. பூமணப் புகையிலையை விரும்புபவர்களும், அதை வெறுப்பவர்களைப் பார்த்து இன்னும் நாக்கு பழகாதவர்கள் என்று சொல்வதை நிறுத்த வேண்டும். சிலருக்கு எத்தனை ஆண்டு பழகினாலும் அது பூவாக மாறாது.

இன்னொரு செய்தி எனக்கு மிகுந்த வியப்பளித்தது. சாரம் எதுவும் சேர்க்காத தூய புகையிலை என்று நாம் மதிக்கும் இலையிலும் பூ இருக்கிறது. இலை பழுத்து உலரும்போது அதிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து பல மணப்பொருள்களைத் தருகின்றன. அவற்றில் மேலே சொன்ன பீட்டா அயனோனும் உண்டு, ரோஜா எண்ணெயின் மணத்துக்கு உயிர் கொடுக்கும் டமாசினோனும் உண்டு. நான் வர்ஜீனியாவைக் காய்ந்த புல் என்றும் உலர்ந்த பழம் என்றும் வருணித்து வந்தபோது, அதற்குள் மெல்லிய ரோஜாவும் இருந்திருக்கிறது. பூ புகையிலைக்கு அந்நியம் என்ற வாதத்தை அதன்பின் நான் கைவிட்டேன். அளவு மிகுதி என்ற வாதத்தைக் கைவிடவில்லை. இலையைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காத அளவுக்குச் சாரத்தை ஊற்றிய புகையிலைகள் இருக்கின்றன, அவற்றை நான் இன்றும் குறை என்றே கருதுகிறேன்.

பூமணம் என்பது ஒரே பொருள் அன்று என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஜெரேனியமும் ரோஜாவும் முன்னால் நிற்க வேண்டும். எனக்கு டோங்கா. சாமுவேல் காவித்தின் 1792 ஃபிளேக்கில் டோங்காவின் மணம் கரிய இலையோடு இழைந்து, வெயிலில் காய்ந்த வைக்கோலும் பாதாமும் சேர்ந்தது போல வரும். அதை நான் முதன்முறை சரியாக உலர்த்திப் பிடித்த நாளில், பூமணப் புகையிலையை வெறுப்பவன் என்ற பெயர் எனக்குப் பொருந்தவில்லை என்பதை உணர்ந்தேன். காவித் ஹாகார்த்தின் என்னர்டேல் ஃபிளேக்கில் பாதாம் மணம் மேலோங்கி நிற்கும். அது அண்ணனுக்கு ஆண்டு முழுவதும் அலுக்காது, எனக்கு மாதத்துக்கொரு முறை போதும். ஒன்று பிடிக்கவில்லை என்பதற்காக முழு வகையையும் தள்ளிவிடாமல், எந்தச் சாரம் தமக்கு ஒவ்வவில்லை என்று கண்டுகொள்வது நல்லது. அதற்கு எளிய வழி, புகையிலையை வாங்குவதற்கு முன் அந்தந்தப் பூச்சாரத்தைத் தனித்தனியே முகர்ந்து பார்த்துக்கொள்வது. ஜெரேனியத்தை முகர்ந்தவுடனே முகம் சுளித்தால், அதைப் புகையில் விரும்பப் போவதில்லை.

குப்பியில் முகரும் மணத்தை வைத்துத் தீர்மானிப்பதும் ஏமாற்றும். மணப்பொருள்கள் எல்லாம் ஒரே வெப்பத்தில் ஆவியாவதில்லை. லினலூல் ஏறத்தாழ 198 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, ஜெரானியால் 230இல், கூமரின் 300ஐத் தாண்டி. சுங்கானில் தணல் மேலிருந்து கீழே இறங்கும்போது, அதன் சூடு கீழேயுள்ள இலையை முன்கூட்டியே வாட்டி, எளிதில் ஆவியாகும் மணங்களை முதலில் கிளப்பிவிடுகிறது. என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது. முதல் பத்து நிமிடம் பூக்கடைக்குள் நுழைந்தது போலிருக்கும். நடுப்பகுதியில் பூ பின்வாங்கி டோங்காவும் இலையும் முன்வரும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் கரிய இலையின் கனம்தான் மிஞ்சும். முதல் பத்து நிமிடத்தில் வெறுத்துக் கவிழ்த்துவிடுபவர் முழுப் புகையிலையையும் அறியாமலே பேசுகிறார். அதே போல, முதல் பத்து நிமிடத்துக்காகவே பிடிக்கும் அண்ணன், சூட்டைத் தணிவாக வைத்து, மிக மெதுவாக, அணைந்துவிடுமோ என்று பார்ப்பவர் அஞ்சும் அளவுக்கு நிதானமாக இழுத்து, அந்தப் பூவை அரை மணி நேரம் வரை நீட்டிக்கிறார். அவர் பட்டைகளை முழுவதும் உதிர்ப்பதில்லை, அதிகம் காயவிடுவதும் இல்லை, மடித்தே நிரப்புகிறார். நான் முழுவதும் உதிர்த்து, நன்றாக ஆறவைத்து, மேல்மணம் பாதி போன பிறகே நிரப்புகிறேன். ஒரே குப்பியிலிருந்து எடுத்து இருவரும் ஏறத்தாழ இரண்டு வேறு புகையிலைகளைப் பிடிக்கிறோம்.

சுங்கானில் ஒட்டும் வாசத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் எனக்கு வருத்தம் வருகிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது பிரையர் மரத்துக்கு அப்படியே பொருந்தும். கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரியும், துளைகள் நிறைந்த மரமும், அந்த எண்ணெய்களைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. பிறகு எந்த இலையை நிரப்பினாலும் சூடேறும்போது பழைய மணம் எழுந்து வருகிறது. அந்த வாசத்தைப் போக்க, கிண்ணத்தில் உப்பை நிரப்பி அதன்மேல் சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைத்தால் போதும் என்று எங்கோ கேட்டதை நம்பிச் செய்தேன். ஒருமுறை செய்தும் போகாததால் மறுவாரமே இரண்டாம் முறையும் செய்தேன். உப்பு ஈரத்தை இழுத்து ஊறி, கிண்ணமும் தண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு விழுந்தது. பதினோரு ஆண்டுகள் என் கையிலிருந்த சுங்கான் அது. அதன்பின் அதைப் பற்றவைக்கவில்லை, தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். உப்பைத் தவிர்த்துவிட்டுப் பஞ்சைப் பயன்படுத்துங்கள். முதலில் உள்ளே படிந்த கரியைச் சீராகச் சுரண்டி மெல்லிய படலமாகக் குறைத்து, பிறகு கிண்ணத்தில் பஞ்சைத் தளர்வாக வைத்து, தூய சாராயத்தில் நனைத்து ஓரிரவு விட்டு, மறுநாள் பழுப்பேறிய பஞ்சை எடுத்துவிட்டு, ஒரு வாரமாவது சுங்கானைத் திறந்தபடி உலரவிட வேண்டும். சாராய ஈரம் முழுவதும் நீங்குமுன் நெருப்பை அருகில் கொண்டுபோகக் கூடாது. அதன்பின், புகையில் உலர்த்திய லட்டாக்கியா போன்ற கனத்த மணமுள்ள இலையைச் சில முறை பிடித்தால் பழைய பூ பெரும்பாலும் அடங்கிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஜெரேனியம் ஒரு சுங்கானில் ஓராண்டுக்குப் பிறகும் தலைகாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட நல்லது, தொடக்கத்திலேயே பிரித்து வைப்பது. பூமணத்துக்கென்று ஒரு சுங்கானை ஒதுக்கிவிடுங்கள். புதிதாக முயன்று பார்ப்பவருக்கு மண் சுங்கானைவிடச் சிறந்தது இல்லை: சுவையில் தன் பங்காக எதையும் சேர்க்காது, வாசம் ஏறிவிட்டால் தணலில் இட்டுச் சுட்டு எடுக்கலாம், கரி எரிந்து மறுபடி வெளுத்துவிடும். கிண்ணம் கையைச் சுடும், ஆகையால் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சூடே நம்மை மெதுவாக இழுக்கப் பழக்கும். மணிகளை உதிர்த்த மக்காச்சோளக் கதிர்த் தண்டில் செய்த சுங்கானும் இதற்கு ஏற்றது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் அவற்றைச் செய்து வருகிறார்கள். அது வாசத்தை உறிஞ்சும்தான். ஆனால் ஒரு மணத்துக்கு ஒன்று என்று ஒதுக்கிவிடலாம், பழுதானால் மனம் வலிக்காது. சுங்கானைப் பிரித்து வைத்தவர்கள்கூட மறப்பது குப்பியை. மூடியின் ரப்பர் வளையம் மணத்தை உறிஞ்சிக்கொண்டு, அடுத்து வைக்கும் புகையிலைக்குக் கொடுத்துவிடும். கண்ணாடியைக் கழுவிவிடலாம், வளையத்தை மாற்றியே ஆகவேண்டும். தணலை அமுக்கும் கருவியையும் துடைத்து வையுங்கள். நான் ஒருமுறை பூமண ஃபிளேக்கை உதிர்த்த விரல்களாலேயே வர்ஜீனியாக் குப்பியைத் துழாவி, ஆறு மாதம் காத்துவைத்த இலையைப் பாழாக்கினேன்.

வீட்டாரைப் பற்றி. பூவாசம் என்பதால் மற்றவர்களுக்கு இனிக்கும் என்று எண்ணுவது தவறு. வெளியிலிருந்து முகர்பவருக்குப் பூவோடு எரிந்த இலையும் சேர்ந்தே போகிறது; அவருக்கு அந்த மணத்தில் விருப்பமும் இல்லை, தேர்வும் இல்லை. அவர்கள் நுரையீரலுக்கும் அது நல்லதன்று. என் மனைவிக்கு டோங்கா பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவும் ஜெரேனியம் தலைவலி தருவதாகவும் இருந்தது. அண்ணன் வீட்டில் அண்ணிக்கு நேர்மாறு. ஆனால் வீட்டாருக்கு ஒரு மணம் ஒத்துப்போகிறது என்பதற்காக வீட்டுக்குள் புகைக்கலாகாது. நான் அந்த முதல் இரவுக்குப் பிறகு வீட்டுக்குள் பற்றவைத்ததில்லை. திரையிலும் மெத்தையிலும் ஏறிய பூமணம் வெறும் புகையைவிட நீண்ட நாள் நிற்கும் என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும்.

எனக்குள்ள மீதிப் பாதி வெறுப்பை, அதாவது சாரத்தின் மிகுதியை, காலம் ஓரளவு சரிசெய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய டப்பாவை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கி, பாதியை அப்போதே பங்கிட்டுக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து, தேதி எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தோம். ஆறாண்டு கழித்து அண்மையில் திறந்தோம். இரண்டு மண் சுங்கான்களைத் தணலில் சுட்டு வெளுப்பாக்கி, ஒரே அளவு உதிர்த்து, ஒரே நேரம் உலர்த்தி, ஒன்றாகப் பற்றவைத்தோம். எனக்கு அது மிக அருமையாக இருந்தது. ஜெரேனியம் ஒரு நினைவு போல மேலே மிதந்தது. அதன் அடியில் இலை தெளிவாகப் பேசியது, இனிப்பு கூடியிருந்தது, கூர்மை போயிருந்தது. அண்ணன் பாதியிலேயே சுங்கானை இறக்கி வைத்துவிட்டு, “பூ போயிடுச்சு தம்பி” என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

இப்போது புதிய டப்பா வந்தால் அன்றே சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். அவர் பங்கு அன்று மாலையே திறக்கப்படுகிறது. என் பங்கு, புதிய ரப்பர் வளையம் போட்ட குப்பியில், தேதியோடு அலமாரிக்குப் போகிறது.